உப்புப் போட்டால் ஈறு தேறுமா

திண்டுக்கல், பேகம்பூர்
ஜனவரி 11

பர்ஹானாவுக்கு,

நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை மதியம், ஆம்பூர் மரியராஜை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வந்தேன். எட்டு வருஷமாக என்னிடம் ஆட்டுத்தோல் வாங்குகிறவர். நீ பரிமாறிக்கொண்டே என் காதருகே குனிந்து, "மச்சான், வாய் வாடை வருது. ஈறு கெட்டுப்போயிருக்கு, ஒரு தடவ எங்கிட்ட காட்டுங்க" என்றாய். மெதுவாகத்தான் சொன்னாய். அவருக்குக் கேட்டுவிட்டது. தலை குனிந்து தட்டில் எலும்பைத் தேட ஆரம்பித்தார். எனக்கு மண்டைக்கு ஏறியது. "ஒரு தடவ பரீட்சையில தோத்த சரக்கு ரெண்டாவது சந்தையில மட்டும் வெல போயிருமாக்கும்" என்றேன். நான் மெதுவாகச் சொல்லவில்லை.

மறுநாள் நீ பெட்டியோடு திருச்சிக்கு, உன் அக்கா இஃப்பத் வீட்டுக்குப் போய்விட்டாய். போனையும் அக்கா பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டாயாம். ஏப்ரலில் நீ இரண்டாம் தடவை எழுதும் பல் மருத்துவ மேற்படிப்புப் பரீட்சை முடிகிறவரை கடிதம் மட்டும்தானாம். சரி. பத்தாவது படித்தவன் எழுதுகிறேன், பல் டாக்டர் வாசித்துக்கொள்.

நீ சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை. சொன்ன இடம் தப்பு. தோல் சந்தையில் சரக்கில் குறை இருந்தால்கூட, கைமேல் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்துத்தான் விலையைக் குறைப்போம். நாலு பேர் முன்னால் ஒருத்தன் சரக்கை மட்டம் தட்டமாட்டோம்.

நோன்பு தொடங்குமுன் வந்துவிடு. வந்தால் பழைய பேச்சை எடுக்கமாட்டேன். ஆனால் ஒன்று. என் வாயை எந்த டாக்டர் வேண்டுமானாலும் பார்க்கட்டும், நீ பார்க்க வேண்டாம்.

அப்துல் ஹாதி

மூன்று வேளையும் என் அக்கா மெஹராஜ் பக்கத்து வீட்டிலிருந்து சோறு கொடுத்தனுப்புகிறாள். தொட்டுக்கொள்கிற வெஞ்சனத்தில் உப்பை அள்ளிக் கொட்டுகிறாள். அவளிடமும் சொல்ல முடியவில்லை.


திருச்சி
ஜனவரி 19

மச்சானுக்கு ஸலாம். கோபத்திலும் அதை முதலில் சொல்லித்தானே ஆகவேண்டும்.

நான் சொன்ன இடம் தப்பு. ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் சொன்ன வார்த்தை தப்பு. உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன், அதை ஒத்துக்கொண்ட வரி எங்கேயும் இல்லை.

நோன்புக்கு வரமாட்டேன். பரீட்சை முடிந்துதான் வருவேன். அப்போது இருக்க வருகிறேனா, மிச்சத் துணிகளை எடுத்துப்போக வருகிறேனா என்பது உங்கள் கையில் இருக்கிறது. கல்யாணமாகி நாலு வருஷம். மெஹராஜ் மாமிக்குச் சொத்தைப் பல் பார்த்தேன், உங்கள் லோடுமேனுக்குக் கூடப் பார்த்தேன். உங்கள் வாய் மட்டும் எனக்கு மூடியே இருக்கிறது. நான் படித்த படிப்பு உங்கள் வாசலுக்கு வெளியேதான் செல்லுமா? எனக்கு அந்த ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்.

இங்கே காலை நாலு மணி நேரம் வகுப்பு, பிறகு மாதிரித் தேர்வு. போன தடவை என்னைக் கீழே தள்ளியது ஈறு நோய்ப் பகுதிதான். அதனால் இந்தத் தடவை அதையே முதலில் எடுத்திருக்கிறேன். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒரு சின்னப் பள்ளம் எல்லோருக்கும் உண்டு. கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை அதில் இறக்கி, ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடத்தில் ஆழம் பார்ப்போம். மூன்று மில்லிமீட்டர் வரை சரி. அதற்கு மேல் இறங்கினால் அது பை. உள்ளே கல்லாய் இறுகிய அழுக்கான காரையும் கிருமியும் உட்கார்ந்து, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பை அரித்துக்கொண்டிருக்கும்.

வலிக்காது மச்சான். அதுதான் இந்த நோயின் கெட்டிக்காரத்தனம்.

பர்ஹானா


திண்டுக்கல்
பிப்ரவரி 12

பர்ஹானா,

பதில் எழுத நாளாகிவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன்.

முதலில் ஒரு புகார். நாலு வருஷம் நீ பக்கத்தில் இருந்தாய், என் வாயில் ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்லை. நீ போய் ஒரு மாசம் ஆகிறது, காலையில் பல் துலக்கித் துப்பினால் சிவப்பு. ஆப்பிளைக் கடித்தால் ஆப்பிளில் சிவப்பு. மெஹராஜ் அக்கா பார்த்துவிட்டு, "ஏலே ஹாதி, காலங்காத்தால வெத்தலையா போட்ட?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு ஈறில் ரத்தம் வரும் என்று உன் புத்தகத்தில் இருக்கிறதா பார்.

வைத்தியமும் நானே பண்ணிக்கொண்டேன். கிடங்கிலிருந்து ஒரு பிடி கல்லுப்பு எடுத்து வந்து காலை மாலை விரலால் அழுத்தித் தேய்க்கிறேன். பச்சைத் தோலில் உப்பைப் போட்டுத்தானே அழுகாமல் வைக்கிறோம். ஈறும் தோல்தானே. எரிச்சல் உயிர் போகிறது. எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். எனக்குப் பன்னிரண்டு வயதில் வாப்பா இறந்துபோனார். அன்றிலிருந்து காலையில் தோல் மண்டி, பிறகு பள்ளிக்கூடம். உப்பு உதறிவிட்டு அப்படியே ஓடுவேன். பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவன் வாத்தியாரிடம் எழுந்து நின்று, "சார், இவன் மேல வாடை அடிக்குது" என்றான். வாத்தியார் அவனை அடிக்கவில்லை. என் பெஞ்சை ஜன்னல் பக்கம் தள்ளிப் போட்டார். நம் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பிருந்து நான் மண்டிக்குப் போகவில்லை. அத்தரைக் கிட்டத்தட்டக் குடிக்காத குறை. படித்த பெண், டாக்டர், உனக்கு அந்த வாடை தெரியக்கூடாது என்று. நாலு வருஷம் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ வந்து, மரியராஜ் முன்னால், வாடை என்ற அதே வார்த்தையைச் சொன்னாய்.

வாயைத் திறந்தால் உனக்கு எல்லாம் தெரிந்துவிடும். அதனால்தான்.

ஹாதி


திருச்சி
பிப்ரவரி 20

மச்சான்,

நேற்றுக் கடிதம் வந்தது. வகுப்புக்குப் போகவில்லை. இஃப்பத் அக்கா, "என்னடி, அழுவுறியா படிக்கிறியா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

தோல் வாடை எனக்குக் கல்யாணத்தன்றே தெரியும். அத்தரையும் தாண்டித் தெரியும். நாலு வருஷத்தில் ஒரு நாளாவது சொல்லியிருப்பேனா? உங்கள் சட்டையைத் துவைக்கப் போடுமுன் அந்த வாடைக்காகவே செத்த நேரம் கையில் வைத்திருந்த நாள்கூட உண்டு. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் நீங்கள் பெஞ்சுக் கதையை எழுதிவிட்டீர்கள், பதிலுக்கு நான் எதையாவது கொடுக்க வேண்டும். அது உங்கள் வேலையின் வாடை. அன்றைக்கு நான் சொன்னது நோயின் வாடை. அதை யாராவது உங்களுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். இரண்டும் உங்கள் காதில் ஒன்றாக விழும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள்தான் பெஞ்சைப் பற்றி இதுவரை வாயே திறக்கவில்லையே.

உப்பை இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் கிடங்கில் இருப்பது செத்த தோல். ஈறு உயிரோடு இருக்கிறது. கல்லுப்பை அழுத்தித் தேய்த்தால் ஈறு கிழியும், தேயும், பல்லின் வேர் வெளியே தெரியும். பல் டாக்டர் வீட்டில் இப்படி ஒரு வைத்தியம் நடக்கிறது என்று வகுப்பில் தெரிந்தால் என்னைப் பரீட்சைக்கே விடமாட்டார்கள். மென்மையான பிரஷ், ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சாய்த்து வைத்து மெதுவாக.

இனி இது நோயாளியிடம் கேட்கிற கேள்வி. மறைக்காமல் எழுதுங்கள். எங்காவது வலி உண்டா? எந்தப் பல்லாவது ஆடுகிறதா? எந்தப் பக்கம் மென்று சாப்பிடுகிறீர்கள்? சர்க்கரை பார்த்தீர்களா? ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?

பர்ஹானா


திண்டுக்கல்
பிப்ரவரி 27

டாக்டரம்மாவுக்கு,

வலி இல்லை. கீழே முன்பல் ஒன்றை நாக்கால் தள்ளினால் அசைகிறது. தள்ளாமல் இருக்க முடியவில்லை. இடது பக்கம் மெல்கிறேன். வலது பக்கம் கடவாயில் கறி போய் மாட்டிக்கொள்கிறது. சர்க்கரை போன வாரம் லேபில் பார்த்தேன், இல்லை. கடைசிக் கேள்விக்கு உனக்கே பதில் தெரியும், நாலு வருஷமாகப் பார்க்கிறாயே.

உப்பை நிறுத்திவிட்டேன். மென்மையான பிரஷ் என்று கடையில் கேட்டேன். "பிள்ளைக்கா அண்ணே?" என்றான்.

சட்டை விஷயத்தை இரண்டு தடவை வாசித்தேன். பொய் சொல்கிறாயோ என்றுதான் முதலில் நினைத்தேன். வியாபாரி புத்தி. பிறகு, பொய் சொல்லி உனக்கு என்ன லாபம் என்று யோசித்தேன். ஒரு லாபமும் தெரியவில்லை. அதனால் நம்புகிறேன்.

ஹாதி


திருச்சி
மார்ச் 6

மச்சான்,

நோன்பு திறந்துவிட்டு உடனே எழுதுகிறேன்.

இன்றைக்கு மாதிரித் தேர்வில் ஒரு கேள்வி. நாற்பது வயது ஆண், பல வருஷமாகப் புகைக்கிறவர், ஈறு வெளிறி இறுகியிருக்கிறது, ரத்தக் கசிவு மிகக் குறைவு. ஈறு நலமாக இருக்கிறது என்று கொள்ளலாமா? ஜனவரியில் இதே மாதிரி ஒரு கேள்விக்கு நான் ஆமாம் என்று போட்டுத் தப்பாகிவிட்டது. இன்றைக்குச் சரியாகப் போட்டேன். கொள்ளக்கூடாது. சிகரெட், ஈறில் ரத்த ஓட்டத்தை அடக்கி வைக்கிறது. உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும், வெளியே ஒரு சொட்டுக்கூடக் காட்டாது. அதையே விட்டுவிட்டால், சில வாரத்தில் ரத்த ஓட்டம் திரும்பி வரும், மறைந்திருந்த நோய் சிவப்பாக வெளியே தெரியும்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண் என்ன ஆச்சு என்று கேட்டாள். என் புருஷன் என்றேன், மறுபடி பேனாவை எடுத்துக்கொண்டேன்.

ஐந்து கேள்வி கேட்டேன், நாலுக்குத்தான் பதில் வந்தது. மச்சான், நீங்கள் சிகரெட்டை விட்டுவிட்டீர்கள். சண்டையால் வந்த ரத்தம் இல்லை அது. உங்கள் ஈறு பல வருஷம் கழித்து உண்மையைச் சொல்கிறது. ரத்தத்தைப் பார்த்துப் பயந்து மறுபடி பற்றவைத்துவிடாதீர்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். பற்றவைத்தால் ரத்தம் நிற்கும், நோய் நிற்காது.

பல் ஆடுகிறது என்றால் நோய் ஆழத்தில் இருக்கிறது. நான் வரும்வரை காத்திருக்க வேண்டாம். நல்ல பல் மருத்துவரிடம் போய் அளவு எடுங்கள், எக்ஸ்ரே எடுங்கள். என்னிடம் காட்டாவிட்டாலும் பரவாயில்லை. எனக்கு உங்கள் பல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எந்த நாள் விட்டீர்கள்? அதை மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் பர்ஹானா


திண்டுக்கல்
மார்ச் 17

பர்ஹானா,

பஸ்ஸில் நீ ஏறிய நாள். ஸ்டாண்டுக்கு நானும் வந்திருந்தேன், உனக்குத் தெரியாது. டீக்கடைக்குப் பின்னால் நின்றேன். பஸ் கிளம்பியதும் ஒன்றைப் பற்றவைத்தேன். வாய் வாடை என்றாயே, இதுதானே பாதி என்று நினைப்பு வந்தது. காலில் போட்டு மிதித்துவிட்டேன்.

உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. ஜனவரிக் கடைசியில் ஆம்பூருக்கு லோடு ஏற்றிப் போனேன். மரியராஜ் ஒன்றை நீட்டினார். ஒன்று பாக்கெட்டாகிவிட்டது. திரும்பி வருகிற லாரியில் உட்கார்ந்து என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். ஊர் நெருங்கியதும் டிரைவர், "அண்ணே, வுட்டதத் தொட்டுட்டா என்ன, நாளைக்கு மறுபடி வுடுங்க. ரெண்டாவது தடவ வுடக்கூடாதுன்னு எவனும் சொல்லியிருக்கானா?" என்றான். அவனுக்கு நம் வீட்டுச் சண்டை தெரியாது. எனக்குச் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. நான் உன்னிடம் அதைத்தானே சொன்னேன். மறுநாள் மறுபடி விட்டேன், இதுவரை தொடவில்லை.

ரெண்டாவது சந்தை என்று சொன்ன வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். மரியராஜிடமும் போனில் சொல்லிவிட்டேன். "அன்னைக்கு என் வீட்டம்மா சொன்னது சரி, எனக்கு ஈறு கெட்டுத்தான் போயிருக்கு" என்றேன். மனிதர் முதலில் லோடு கணக்கைப் பேசினார். பிறகு, "ஹாதி பாய், எனக்கும் ரத்தம் வருது. அவங்க எப்ப வர்றாங்க?" என்று கேட்டார்.

நோன்பு திறந்துவிட்டு இங்கே ஒரு பல் டாக்டரம்மாவிடம் போனேன். கம்பியை விட்டு அளந்தார். முன்பல்லில் ஐந்து, வலது கடவாயில் ஆறு, ஒரு இடத்தில் ஏழு. அளந்த இடமெல்லாம் ரத்தம். இதுவரை பல் எதுவும் விழவில்லை. எக்ஸ்ரே இதோடு வைத்திருக்கிறேன். நோய் என்ன, எத்தனாம் தரம், என்ன வைத்தியம் என்று அவர் சொன்னதை நான் எழுதமாட்டேன். நீ சொல். ஒத்துப் பார்க்கிறேன். இதுவும் உனக்குப் பரீட்சைதான், சொல்லிவிட்டேன்.

ஹாதி


திருச்சி
ஏப்ரல் 2

மச்சான்,

பெருநாளன்று அக்கா போனை நீட்டினாள். வாங்கவில்லை. குரலைக் கேட்டால் பஸ் ஏறிவிடுவேன்.

பரீட்சைக்குப் பதில். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முதல் முதலாக உங்கள் வாயை இப்படியாவது பார்த்துவிட்டேன். வலது கடவாயில் வேரின் பாதி நீளத்துக்கு எலும்பு இறங்கியிருக்கிறது. இது வெறும் ஈறு வீக்கம் இல்லை. வீக்கம் மட்டும் என்றால் சுத்தம் செய்ததும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இது எலும்புவரை போன ஈறு நோய். நாலு நிலையில் மூன்றாவது. வேகத்தை ஏ, பி, சி என்று பிரிப்போம். ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் புகைத்தவர் என்பதால் சி. உங்கள் பாஷையில் சொன்னால், மேலே பார்க்கப் பளபளப்பு, திருப்பிப் போட்டால் உரிக்கும்போது விழுந்த கத்திக் கீறல்.

வைத்தியம். சிகரெட்டை விட்டதும் பிரஷ்ஷை மாற்றியதும் முதல் படி, அதை நீங்களே ஏறிவிட்டீர்கள். பல் இடுக்குக்கு என்று ஒரு குட்டி பிரஷ் இருக்கிறது, அதையும் வாங்குங்கள். அடுத்தது, மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்குக் கீழே வேரில் ஒட்டிய காரையைச் சுரண்டி எடுக்க வேண்டும். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். பை சுருங்கியிருந்தால் சந்தோஷம். சுருங்காத இடத்தில் ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் சின்ன அறுவை. அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, ஆயுசுக்கும்.

போன எலும்பு பெரும்பாலும் திரும்பாது. மிச்சத்தைக் காப்பாற்றலாம். பல்லும் இருக்கும்.

என் பக்கத்திலும் ஒரு உண்மை சொல்ல வேண்டும். தேறினால் மூன்று வருஷம் படிப்பு. எந்த ஊரில் இடம் கிடைக்கும் என்று தெரியாது. தேறாவிட்டால் மூன்றாவது தடவையும் எழுதுவேன். இதைத் தெரிந்துகொண்டு பதில் எழுதுங்கள்.

உங்கள் வாயை நான் பார்க்கலாமா?

பர்ஹானா


திண்டுக்கல்
ஏப்ரல் 9

பர்ஹானா,

நீ சொன்னதும் டாக்டரம்மா சொன்னதும் வரிக்கு வரி ஒன்று. படிக்கும்போதே எழுந்து நின்றுவிட்டேன். அக்காவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். "ஒங் கீறல அம்புட்டுத் தூரத்துல இருந்தே கண்டுபிடிச்சிட்டாளே" என்றாள்.

இன்றைக்கு மறுபடி போனபோது டாக்டரம்மா அடுத்த வாரமே சுரண்டலாம் என்றார். அந்த வேலை வீட்டிலேயே ஆகும், நீங்கள் அளந்ததே போதும் என்று சொல்லிவிட்டேன். சிரித்தார். "உங்க வீட்டம்மாவா? பத்துப் பன்னண்டு நாள்னா தாங்கும், அதுக்கு மேல தள்ளாதீங்க, சாமானெல்லாம் என்கிட்ட இருக்கு, நாற்காலி ரெண்டு நாள் தாரேன், வரச் சொல்லுங்க" என்றார்.

பார்க்கலாமா என்று கேட்டாய். பார்க்கலாம். ஆனால் இனாமாக இல்லை. இனாமாக வந்த சரக்கை நானே மதிக்கமாட்டேன். நீ படித்ததற்கு விலை இருக்கிறது. அதை முதலில் கொடுக்கிறவன் நானாக இருக்க வேண்டும்.

துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசிப் பழகியவன், இதை மட்டும் வெளியில் வைத்தே சொல்கிறேன். மறுப்பு இருந்தால் எழுது.

ஹாதி


திருச்சி
ஏப்ரல் 14

மச்சான்,

மறுப்பு ஒன்றே ஒன்று. ஊசி போடும்போது நீங்கள் என் கையைத் தட்டிவிடக் கூடாது. லோடுமேன் தட்டினார், ஊசி வளைந்தது. இதற்குச் சம்மதித்தால் விலையை நீங்களே சொல்லுங்கள். நான் பேரம் பேசமாட்டேன்.

சனிக்கிழமை பரீட்சை. ஞாயிறு காலை ரயிலில் வருகிறேன். பெட்டி கனமாக இருக்கிறது, திரும்ப எடுத்துப்போகிற மாதிரி அடுக்கவில்லை.

பர்ஹானா


திண்டுக்கல்
ஏப்ரல் 16

பர்ஹானா,

ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன், பரீட்சைக்கு முன்னால் கையில் கிடைக்க வேண்டும்.

பேசி முடித்தது இது. திங்கட்கிழமை நாற்காலியில் உட்காருவேன், கை கட்டிக்கொண்டு. நீ சொல்கிறவரை வாயை மூடமாட்டேன். வலது பக்கம் ஒரு நாள், இடது பக்கம் ஒரு நாள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, நீ எந்த ஊரில் படித்தாலும் அந்த ஊருக்கு நான் வருவேன். சிகரெட் கிடையாது. தவறித் தொட்டால் மறைக்காமல் சொல்லிவிட்டு மறுபடி விடுவேன். நீ தேறும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம். தேறி வந்தபிறகு, மண்டியை ஒட்டிய முன் அறை கிளினிக்குக்கு. வாடை வரும், அது உனக்கே தெரியும்.

சுத்தம் செய்ய டாக்டரம்மா ஒரு தடவைக்கு ஆயிரத்து ஐந்நூறு என்றார். உனக்கும் அதே. தள்ளுபடி இல்லை, கடன் இல்லை, வேலை முடிந்ததும் உன் கையில்.

ஹாதி